நான் மேலே பார்க்கவில்லை

மார்ச் 5, திங்கள்

காலை ஏழரைக்கு லூமிர் ஏணி மேல் நின்றபடி கத்தினார். "வெல்மா, ஈ ஒண்ணு குறையுது!"

"குளிர்ல செத்துப் போயிருக்கும், விடுங்க," என்றேன்.

பள்ளி வாசலில் இருக்கும் போர்டில் மாதம் ஒரு நற்குணத்தின் பெயரை எழுத்து எழுத்தாகக் கோத்து மாட்டுவது எங்கள் பள்ளி மாவட்டத்தின் வழக்கம். இரண்டு கட்டிடம், மூன்று பஸ், இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகள். இதற்கு மாவட்டம் என்று பெயர். இந்த மாதக் குணம் விடாமுயற்சி. ஆங்கிலத்தில் அந்த வார்த்தைக்கு நாலு ஈ (E) வேண்டும். பெட்டியில் இருப்பதோ மூன்று. கடைசியில் லூமிர் மூன்று என்ற எண்ணை எடுத்துத் திருப்பி மாட்டிவிட்டார். சாலையிலிருந்து பார்த்தால் ஈ மாதிரிதான் இருக்கிறது. கிட்டே வந்தால்தான் குட்டு வெளிப்படும்.

இந்தக் குணத் திட்டத்தைப் பற்றி என் அபிப்பிராயமும் அதேதான். மூன்று வருடம் முன்பு கேலன் ஸ்ட்ரோ சூப்பரிண்டெண்டெண்ட்டாக வந்த முதல் நாளே சொன்னார்: "படிப்பும் பண்பும் வண்டிக்கு ரெண்டு சக்கரம்." நான் பின் வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டேன். முப்பத்தோரு வருடமாக இங்கே இருக்கிறேன். பிள்ளைகளுக்கு ஆலோசகர், தேர்வுப் பொறுப்பாளர், வாரம் இரண்டு நாள் சாப்பாட்டுக் கூடக் காவல், எல்லாம் நானே. எத்தனை சக்கரம் பார்த்திருப்பேன்! சுவரில் எழுதினால் பிள்ளைக்குக் குணம் வந்துவிடுமா? ஏட்டுச் சுரைக்காய்.

ஆனால் அவர் கொண்டுவந்த காலை வாசிப்பைக் குறை சொல்ல மாட்டேன். முதல் மணிக்கு முன் அரை மணி, ஒவ்வொரு பெரியவரும் ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டும். சமையல்காரியும், பஸ் ஓட்டுபவரும், பெருக்குகிற லூமிரும்தான். லூமிருக்கு நாலாம் வகுப்பு நயேலி. லூமிரும் தடவித் தடவித்தான் வாசிப்பார். கொதிகலன் அறை வாசலில் இரண்டு பேரும் ஒரே வரியோடு மல்லுக்கட்டுவது எனக்குக் கேட்கும்.

மார்ச் 9, வெள்ளி

பள்ளி வாரியக் கூட்டம். வாரிய உறுப்பினர் டெல்மார் ஸ்வோபோடா நேராகவே சொல்லிவிட்டான். மாநிலப் பட்டியலில் மூன்று வருடமாகக் கடைசித் தட்டில் கிடக்கிறோம். இந்த வசந்தத் தேர்விலும் ஏறவில்லையென்றால் ஆரம்பப் பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளை ஹேட்லிக்கு பஸ்ஸில் அனுப்பிவிடலாம் என்று மே மாதம் தீர்மானம் கொண்டுவரப் போகிறான்.

"நாப்பது மைல்தானே," என்கிறான். அவன் விதைக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு தெரு. அவனுக்கு நாற்பது மைல் என்ன தெரியும்? ஜனவரியில், பனிக்காற்றில், ஆறு வயதுக் குழந்தை இருட்டில் ஏறி இருட்டில் இறங்கும்.

வாரியத்தில் ஆறு பேர். எண்ணிப் பார்த்தேன். நாலுக்கு இரண்டு, மூடுகிற பக்கம்தான்.

டெல்மார் என்னோடு இதே பள்ளியில் படித்தவன். அப்போதும் இப்படித்தான், கணக்கு முடிவதற்கு முன்பே விடையை எழுதிவிடுவான்.

மார்ச் 14, புதன்

வலசைக் கொக்குகள் வந்துவிட்டன. காலையில் வானம் முழுக்கச் சத்தம். இந்த மாதத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் நேராகப் பார்த்து நடப்பதில்லை. எல்லோருக்கும் கழுத்து மேல்நோக்கித்தான்.

நாலாம் வகுப்பு வாத்தியார் ஆரின் ஸாப்கா (இருபத்தாறு வயது, தலைமுடியில் எப்போதும் பெயிண்ட்) அதையே ஒரு உத்தியாக்கிவிட்டான். மாத வார்த்தைகளைச் சுவரில் ஒட்டாமல் சீலிங் பலகைகளில் பிள்ளைகளை விட்டே வரையச் சொல்லியிருக்கிறான். "எப்படியும் மேலதான் பாக்குதுங்க. பாக்குற இடத்துல எதையாவது வைப்போம்னு," என்றான். பத்தொன்பது பிள்ளைகளும் நாற்காலியில் சாய்ந்து காட்டினார்கள். மஞ்சளும் ஊதாவுமாக விடாமுயற்சி, கீழே அவர்களே எழுதிய அர்த்தம்: "கஷ்டமா இருந்தாலும் விடாம செய்றது."

நன்றாகத்தான் இருந்தது. அவனிடம் சொல்லவில்லை.

மார்ச் 26, திங்கள்

நாளை மாநிலத் தேர்வு. நாள் முழுக்கச் சுவரை மூடினோம். எழுத்து, எண், வரைபடம் எதுவும் பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது என்பது விதி. அகரவரிசைகூடத் தப்பவில்லை, பழுப்புத் தாளை உருட்டி உருட்டி ஒட்டினோம். ஆறு அறைகளையும் நானே போய்ப் பார்த்து, "அனைத்தும் மூடப்பட்டன — ஆம்" என்று டிக் போட்டு ஆறு கையெழுத்து வைத்தேன். முதுகு விட்டுப்போய்விட்டது.

மார்ச் 27, செவ்வாய்

வாசிப்புத் தேர்வு. கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். நாலாம் வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. நயேலி உதட்டை அசைத்து அசைத்து வாசிக்கிறாள், லூமிர் வாசிக்கிற மாதிரியே.

மார்ச் 29, வியாழன்

முதல்கட்ட எண்கள் கணினியில் வந்தன. மூன்று முறை திறந்து மூடிப் பார்த்தேன். நாலாம் வகுப்பில் போன வருடம் ஐந்து பேர் தேறினார்கள். இந்த வருடம் பதின்மூன்று! மற்ற வகுப்புகளும் ஏறியிருக்கின்றன. கடைசித் தட்டிலிருந்து மேலே வந்துவிட்டோம். பள்ளி மூடாது.

நயேலியின் பெயருக்கு நேரே "தேர்ச்சி". இரண்டு வருடம் முன்பு வந்தபோது கழிவறைக்குப் போக வேண்டும் என்று சொல்லக்கூடத் தெரியாத பிள்ளை.

கேலன் காருக்குள் உட்கார்ந்து அழுதார். ஜன்னல் வழியே பார்த்தேன், பார்க்காததுபோல் வந்துவிட்டேன். சமையல்காரி ப்ளம் பழம் வைத்த கோலாச் என்ற இனிப்பு ரொட்டியைச் சுட்டுக் கொடுத்தாள். நான் நாலு தின்றேன். எழுதித்தான் வைப்போமே, யார் கேட்கப் போகிறார்கள்.

ஏப்ரல் 3, செவ்வாய்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நயேலி என் அறைக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

"மிஸ், பதினாலாவது கேள்விக்கு எனக்கு மார்க் வேண்டாம்."

"ஏண்டா?"

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாங்க. எனக்கு மறந்து போச்சு. மேல பார்த்தேன். சீலிங்ல இருந்துச்சு."

நான் சிரித்தேன். சரியாகச் சொன்னால், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. என்ன வார்த்தை என்று கேட்டேன். கேட்கவே தேவையில்லை. மஞ்சளும் ஊதாவும்.

"பரவாயில்லடா கண்ணு. நீ வகுப்புக்குப் போ, நான் பார்த்துக்கிறேன்," என்றேன்.

பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? நாலு சுவரையும் பார்த்தேன். கதவின் பின்பக்கம் பார்த்தேன். குப்பைக்கூடையின் மேல் இருந்த ஸ்டிக்கரைக்கூடப் பிய்த்தேன். மேலே பார்க்கவில்லை. அதற்குப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால்தான் அதே சீலிங்கை நின்று ரசித்துவிட்டு வந்தேன், அதுவும் மறந்து போச்சா?

ஏப்ரல் 4, புதன்

யோசித்தேன். ஒரே ஒரு கேள்வி. ஒரு பிள்ளை. அவள் மற்றதெல்லாம் சொந்தமாகத்தானே எழுதினாள். அந்த ஒரு மார்க் போனாலும் அவள் தேர்ச்சிதான், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். இதைப் போய் மாநில அலுவலகத்துக்குச் சொன்னால் அவர்கள் ஒரு கேள்வியோடு விடமாட்டார்கள். அறையையே ரத்து செய்வார்கள். பத்தொன்பது பேரும் தேர்வு எழுதாதவர்கள் ஆகிவிடுவார்கள். மறுபடி கடைசித் தட்டு. டெல்மார். ஹேட்லி பஸ்.

காலையில் நயேலி கதவில் தலையை நீட்டினாள். "சொல்லிட்டீங்களா மிஸ்?"

"சொல்றேன்டா."

ஏப்ரல் 5, வியாழன்

"சொல்லிட்டீங்களா மிஸ்?"

இன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பிள்ளை மேலேயே. தெரிந்துதான் எழுதுகிறேன். பெத்தவங்களுக்கு ராத்திரி முழுக்க இறைச்சி ஆலையில வேலை, இந்தச் சின்னதுக்கு எதுக்கு இந்த வீறாப்பு? இன்னும் நேர்மையே வரலையே! நேர்மை மே மாத வார்த்தை. அட்டவணையில் அப்படித்தான் இருக்கிறது, எடுத்துப் பார்த்தேன். நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முன்னாலேயே வந்து நிற்கிறாள். இதற்கு யாருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுப்பது?

ஏப்ரல் 6, வெள்ளி

இன்று நயேலி எதுவும் கேட்கவில்லை. தலையை நீட்டினாள், என் முகத்தைப் பார்த்தாள், போய்விட்டாள்.

அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 9, திங்கள்

கேலனிடம் சொன்னேன். முதலில் என் தப்பைச் சொன்னேன், பிறகுதான் நயேலியைப் பற்றி. அவர் காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற குரல் அது. எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். ஆறு நாளாக என் மண்டைக்குள் பேசிக்கொண்டிருந்தது அதுதான்.

"நமக்கு மூணு பேருக்கு," என்றேன். "அதுல ஒருத்திக்கு ஒம்பது வயசு."

வெளியே வந்துவிட்டேன். போகிற வழியில் போர்டைப் பார்த்தேன். ஏப்ரல் குணம் பொறுமை. ஊருக்கு உபதேசம்.

ஏப்ரல் 10, செவ்வாய்

எனக்கு முன்னாலேயே என் அறைக்கு வந்து உட்கார்ந்திருந்தார் கேலன். சவரம் செய்யவில்லை. கையில் மாநில அலுவலகத்துக்கு எழுதிய கடிதம், கையெழுத்துப் போட்டு.

"நேத்து நான் கேட்டதை மறந்துடு வெல்மா."

"மறக்க மாட்டேன்," என்றேன். "ஆனா கடிதத்தைக் குடுங்க, நானும் போடறேன்."

ஆரினைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவன் முகம் வெளுத்துவிட்டது. "நான் ஏணி போட்டுக் கழட்டியிருக்கணும்... நான்தானே..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். வேலை போய்விடும் என்று பயப்படுகிறான் என்று நினைத்தேன். இல்லை. "பிள்ளைங்க நல்லா எழுதினாங்க வெல்மா. நிஜமாவே நல்லா எழுதினாங்க," என்றான். அதற்குத்தான் அழுதான்.

ஏப்ரல் 12, வியாழன்

மாநில அலுவலகம் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாக எழுத்தில் வாக்குமூலம் வாங்கச் சொல்லிவிட்டது. ஒருவர் எழுதுவதை ஒருவர் பார்க்கக்கூடாது. நூலகத்தில் ஒவ்வொருவராக உட்கார வைத்தேன். "பார்த்தியா இல்லையான்னு மட்டும் எழுது. யாருக்கும் தண்டனை கிடையாது. இல்லைன்னாலும் பரவாயில்ல," என்றேன். அவர்கள் "பார்க்கல" என்று எழுதிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். ஆமாம், வேண்டிக்கொண்டேன். இங்கே பொய் எழுதி என்ன பயன்?

பத்தொன்பதில் பதினாலு பேர் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறார்கள்.

சிலதை இங்கே எழுதி வைக்கிறேன். பெயர் வேண்டாம்.

"பார்த்தேன். ஆனா எனக்கு முன்னாடியே தெரியும். ஆனா பார்த்தேன்."

"கொக்கு சத்தம் கேட்டுச்சுன்னுதான் மேல பார்த்தேன். கொக்கு இல்ல. பதில் இருந்துச்சு."

"நான் பாக்கல. பார்த்திருந்தா சரியா எழுதியிருப்பேன்."

"அந்த மஞ்சள் பெயிண்ட் அடிச்சது நான். அதனால என் தப்பும் கொஞ்சம் இருக்கு."

"என் முன்னாடி இருக்கிறவன் பார்த்தான். பேர் சொல்ல மாட்டேன். அவனே சொல்லுவான்."

அவனுடையதைத் தேடி எடுத்தேன். "பார்த்தேன். பின்னாடி இருக்கிறவன் என்னைப் பார்த்தான்."

தாள்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வயது. தனித்தனியாக. யாரும் யாரையும் கேட்கவில்லை. எங்கிருந்து வந்தது இது? சீலிங்கிலிருந்தா? வீட்டிலிருந்தா? முப்பத்தோரு வருடம் பிள்ளைகளோடு இருந்திருக்கிறேன், எனக்குப் பிள்ளைகளைத் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

இருபதாவது தாள் எனக்கு. பெரியவர்களும் எழுத வேண்டுமாம். முதல் தடவை ஒரு பக்கம் எழுதினேன்: ஆறு அறைகள், ஒரே ஆள், முதுகு வலி, விதியில் சுவர் என்றுதான் இருக்கிறது, சீலிங் என்று இல்லை. கிழித்தேன். இரண்டாவது அரைப் பக்கம். கிழித்தேன்.

மூன்றாவது: "நான் மேலே பார்க்கவில்லை. பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன்."

ஏப்ரல் 16, திங்கள்

நயேலியின் அம்மா டோமாசா வந்தார். இரவுப் பணி முடிந்து நேராக, ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல். கண் சிவந்திருந்தது. வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினார்.

"எம் பொண்ணு திருடினாளா மேடம்?"

"ஐயோ, இல்லம்மா."

"ஆலையில சொல்றாங்க. டோமாசா பொண்ணாலதான் பள்ளிக்கூடத்தை மூடப் போறாங்கன்னு. எதுக்குடி வாயைத் தொறந்தேன்னு அவளைத் திட்டிட்டேன். அவ சொல்றா, அம்மா, கஷ்டமா இருந்தாலும் விடக்கூடாதுன்னு கூரையில எழுதியிருக்குன்னு."

நயேலி மூன்று நாள் அந்த வார்த்தையை என் கதவில் தலை நீட்டிச் செய்து காட்டியிருக்கிறாள். நான் அதை நச்சரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டோமாசா எழுந்து நின்றார். என்னைவிட ஒரு சாண் குள்ளம். "எழுதிப் போட்டது நீங்க. அவ நம்பிட்டா. இப்ப நீங்க அவ பக்கம் நிக்கணும்."

"நிக்கிறேன்," என்றேன். சத்தியம் மாதிரித்தான் வந்தது.

ஏப்ரல் 24, செவ்வாய்

மாநிலத்திலிருந்து தொலைபேசி. நாலாம் வகுப்பின் வாசிப்பு மதிப்பெண் முழுவதும் ரத்து. பத்தொன்பது பேரும் எழுதாதவர்கள். மாவட்டம் மீண்டும் கடைசித் தட்டு. மறுதேர்வு இல்லை. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை, பன்னிரண்டு மணி நேரக் கணினிப் பயிற்சி. அறையை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொடுப்பார்களாம்.

பேசிய பெண் கடைசியில் தயங்கினாள். "வாக்குமூலங்களை எங்க ஆபீஸ்ல எல்லாரும் வாசிச்சோம். விதி விதிதான். ஆனா... வாசிச்சோம்னு சொல்லணும்னு தோணுச்சு."

ஏப்ரல் 30, திங்கள்

நாளை மே. போர்டில் நேர்மை ஏற வேண்டும். லூமிர் எழுத்துப் பெட்டியோடு வந்து நின்றார். அதற்கு ஒரே ஈ போதும், தட்டுப்பாடே இல்லை.

கேலன் வெளியே வந்தார். "இந்த மாசம் காலியா இருக்கட்டும் லூமிர்."

"காலியாவா? ஊர்ல கேப்பாங்களே."

"கேக்கட்டும். அந்த வார்த்தையை மாட்ட இன்னும் எனக்கு யோக்கியதை வரல."

லூமிருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

மே 3, வியாழன்

பெட்ரோல் பங்க் காப்பி மேசையில் டெல்மார் நான்கு பேர் கேட்கச் சொன்னான்: "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாச்சு. ஆறு அறைக்கு ஒரு கழுத்தைக்கூடத் தூக்க முடியல, இவங்க பிள்ளைங்களுக்குப் பண்பு சொல்லித் தராங்களாம்."

பதிலுக்குப் பதில் கொடுப்பதில் நான் குறை வைப்பதில்லை. இன்றைக்குக் காப்பிக்குக் காசை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அவன் சொன்னதில் பொய் இல்லையே.

மாலையில் நயேலியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அவளுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. "நயேலி, நீ தேறியிருந்தே. அந்தக் கேள்வி இல்லாமலேயே தேறியிருந்தே. இப்போ அது கணக்குல வராது. யார்கிட்டயும் காட்ட முடியாது."

"நிஜமாவே தேறினேனா?"

"நிஜமாவே."

"லூமிர்கிட்ட மட்டும் சொல்லலாமா?"

கொதிகலன் அறைப் பக்கம் ஓடினாள். சற்று நேரத்தில் லூமிர் போட்ட கூச்சல் நூலகம் வரை கேட்டது. இத்தனை போயும் அந்தப் பிள்ளை கையில் இருப்பதை எண்ணிச் சந்தோஷப்படுகிறது. நான் இத்தனை வருடமாகப் போனதையே எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மே 14, திங்கள்

முழுவதையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

வாரியக் கூட்டம் நூலகத்தில். கூட்டம் வந்துவிட்டதால் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளையும் போட்டோம். டெல்மார் ஆள் பெரியவன், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தான். பின்னால் டோமாசா, பூட்ஸோடு. ஓரத்தில் லூமிர்.

டெல்மார் தீர்மானத்தை வாசித்தான். ஆரம்பப் பள்ளியை ஜூன் மாதத்தோடு மூடுவது. "எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. மூணு வருஷம் குடுத்தோம். எண் ஏறல. அவ்வளவுதான்."

என்னை விளக்கம் சொல்லச் சொன்னார்கள். நான் பேச்சு எதுவும் தயார் செய்யவில்லை. பெயர்களை மறைத்து, பத்தொன்பது வாக்குமூலங்களையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். "பார்த்திருந்தா சரியா எழுதியிருப்பேன்" என்றதும் டெல்மாரே வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அறையே சிரித்தது. பிறகு மெல்ல மெல்லச் சிரிப்பு அடங்கியது. பன்னிரண்டு, பதின்மூன்று என்று போகப் போக யாரும் அசையவில்லை. கடைசியில் என்னுடைய இரண்டு வரியையும் வாசித்துவிட்டு உட்கார்ந்தேன்.

அப்போது கேலன் எழுந்தார். அவர் பேசுவதாக நிகழ்ச்சியில் இல்லை.

"இன்னொண்ணு இருக்கு. இதை யாரும் என்கிட்ட கேக்கல. வெல்மா வந்து சொன்ன அன்னிக்கு நான் கேட்ட முதல் கேள்வி, வேற யாருக்குத் தெரியும்னுதான். ஒரு ராத்திரி முழுக்க மறைக்கலாமான்னு யோசிச்சேன். மூணு வருஷமா உங்க பிள்ளைங்களுக்குக் குணம் சொல்லிக்குடுக்கறேன்னு சம்பளம் வாங்கறவன் நான். நாலாம் வகுப்புல பதினாலு பேர் சொன்னாங்க. பதினஞ்சாவதா என்னையும் சேத்துக்கங்க."

உட்கார்ந்துவிட்டார். காது சிவந்திருந்தது.

நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன். அந்த நாளை மறந்துவிடச் சொன்னவர், ஊரையே கூட்டி வைத்து அதை நினைவுபடுத்துகிறார்!

வாக்கெடுப்பு. டெல்மார்: ஆம். அடுத்தவர் ஆம். அடுத்தவரும் ஆம். பிறகு இரண்டு இல்லை. கடைசியில் ஆர்லிஸ் பொகார்னி. அவள் மூடுகிற பக்கம் என்று ஊருக்கே தெரியும், போன மாதம் ஹேட்லி பஸ் அட்டவணையைப் போட்டதே அவள்தான். அந்தத் தாளை மடித்தாள், இன்னொரு தடவை மடித்தாள்.

"இல்லை," என்றாள். தலையை நிமிர்த்தவில்லை.

மூன்றுக்கு மூன்று. சமமாக வந்தால் தீர்மானம் தோற்றது. எல்லோருக்கும் அது தெரியும், ஆனாலும் நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பிறகு லூமிர் கையைத் தட்டினார், தனியாக. டோமாசா என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை தலையசைத்தார்.

ஒரு வருடம். அவ்வளவுதான் கிடைத்திருக்கிறது. எண் ஏறாமலேயே கிடைத்திருக்கிறது.

மே 15, செவ்வாய்

"சொல்லிட்டீங்களா மிஸ்?" என்று நயேலி கதவில் தலையை நீட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. போக்கிரி.

ஆகஸ்ட் 13, திங்கள்

பள்ளி திறக்க இரண்டு நாள். வாசலில் ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது. மேலே டெல்மாரின் விதைக் கடை முத்திரை. கடிதம் இல்லை, பெயர் இல்லை. திறந்தால், போர்டுக்கான எழுத்துகள். எல்லாம் ஈ. ஒரு டஜன், புத்தம் புதுசு.

"அடேயப்பா, ஈ மொய்க்குதே!" என்றார் லூமிர்.

டெல்மாரைத் தெருவில் பார்த்தபோது நன்றி சொன்னேன். "எதுக்கு?" என்றான் முறைத்தபடி. "அந்தத் திருப்பிப் போட்ட மூணைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணு வலிக்குது. வேற ஒண்ணும் இல்ல. அடுத்த மே மாசமும் நான் தீர்மானம் கொண்டுவருவேன், ஞாபகம் வச்சுக்கோ."

கொண்டு வரட்டும்.

செப்டம்பர் 17, திங்கள்

நாளை முதல் தேர்வு. பழுப்புத் தாள், ஒட்டும் நாடா, ஆறு அறைகள். பயிற்சியில் பன்னிரண்டு மணி நேரம் சொன்னதெல்லாம் மறந்துவிட்டது.

நாலாம் வகுப்பில் புதுப் பிள்ளைகள். பழைய பத்தொன்பது பேரும் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள், கூடத்துக்கு அந்தப் பக்கம்தான். ஆரின் சாயங்காலமே ஏணி போட்டு சீலிங் பலகைகளையெல்லாம் தாளால் மூடிவிட்டதாகச் சொன்னான். சொன்னால் போதுமா? கையெழுத்து என்னுடையது. அறைக்குள் போனதும் சுவரைப் பார்க்கவில்லை. முதலில் கழுத்தைத் தூக்கினேன்.

விளக்குக்குப் பக்கத்தில், பழுப்புத் தாளின் மேலேயே, பென்சிலில் சின்னதாக ஏதோ எழுதியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலி மேல் ஏறினேன். எனக்குத் தெரிந்த கையெழுத்து, நயேலியுடையது. கீழே பத்தொன்பது பேரின் முதலெழுத்தும் இருந்தது.

"பார்த்துட்டீங்க மிஸ்!"

அறுபது வயசுல நாற்காலி மேல நின்னுக்கிட்டு, தனியா, சிரிக்கிறேனா அழறேனான்னு எனக்கே தெரியல. லூமிர் வந்து, விழுந்துடப் போறீங்க என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

இன்னொரு தாளை எடுத்து அதையும் மூடினேன். எழுத்து எழுத்துதானே. பிறகு கீழே இறங்கி, "ஆம்" என்று டிக் போட்டேன்.